பன்னிரண்டு மில்லிகிராம் புரதம், எந்தக் கருவிக்கு?

சிங்கப்பூரின் கிம் மோ உணவங்காடியில் போன மாதம் ஒரு தங்கை கேட்ட கேள்விதான் இதை எழுத வைத்தது. பயோபொலிஸ் பக்கம் ஓர் ஆய்வகத்தில் இறுதியாண்டுத் திட்டம் செய்கிறாள். மூன்று மாதம் பாடுபட்டு வைபெரின் என்ற நொதியைத் தூய்மைப்படுத்தியிருக்கிறாள். கையில் இருப்பது மொத்தம் 12 மில்லிகிராம். "அக்கா, இபிஆரா மாஸ்பவரா, ஒன்னு சொல்லுங்க. ரெண்டுக்கும் புரதம் பத்தாது" என்றாள். இரண்டும் புரதத்துக்குள் இருக்கும் இரும்பின் நிலையைக் காட்டும் கருவிகள். அன்று தே ஆறிப்போகும் வரை பேசியும் நான் ஒழுங்காகப் பதில் சொல்லி முடிக்கவில்லை. இதே குழப்பத்தில் இன்னும் சிலர் இருப்பார்கள் என்று தெரியும். அதனால் நிதானமாக எழுதுகிறேன்.

முதலில் வைபெரின். உடலுக்குள் வைரஸ் நுழைந்ததும் இன்டர்பெரான் என்ற எச்சரிக்கைப் புரதம் எழுப்பும் அலாரத்தைக் கேட்டு நம் செல்கள் உருவாக்கும் நொதி இது. ஆர்என்ஏ கட்டப் பயன்படும் சிடிபி மூலக்கூறை எடுத்து, அதைச் சற்றே மாற்றி, வைரஸின் ஆர்என்ஏ சங்கிலி மேலே வளர முடியாமல் நின்றுபோகும்படியான ஒரு போலிக் கண்ணியாக ஆக்கிவிடுகிறது. இது 2018இல் வெளியான கண்டுபிடிப்பு. டெங்கி, ஜிக்கா வைரஸ்கள் சேர்ந்த குடும்பத்தின் மேல் இந்தப் போலிக் கண்ணி வேலை செய்கிறது என்பதால், வருடாவருடம் டெங்கி எண்ணிக்கையைப் பார்த்துக் கவலைப்படும் ஊரில் இருக்கும் நமக்கு இது வெறும் பாடப்புத்தக வேதியியல் இல்லை.

அந்த மாற்றத்தைச் செய்யும் இடத்தில் நான்கு இரும்பு அணுக்களும் நான்கு கந்தக அணுக்களும் ஒரு கனசதுரத்தின் மூலைகளில் மாறி மாறி உட்கார்ந்திருக்கின்றன. மூன்று இரும்பைப் புரதத்தின் மூன்று சிஸ்டீன்கள் (கந்தகம் உள்ள அமினோ அமிலங்கள்) பிடித்துக்கொள்கின்றன. நான்காவது இரும்பு, எஸ்-அடினோசில் மெத்தியோனின் என்ற துணை மூலக்கூறு வந்து ஒட்டுவதற்காகக் கையை நீட்டிக் காத்திருக்கிறது. இதை நாலிரும்புக் கொத்து என்று சொல்லலாம். காற்று பட்டால் அந்த நான்காவது இரும்புதான் முதலில் கழன்று விழும். அப்போது மிஞ்சுவது மூவிரும்புக் கொத்து. இன்னும் சிதைந்தால் ஈரிரும்புக் கொத்து. அதற்கும் பிறகு, குழாயில் எங்கெங்கோ ஒட்டிக்கிடக்கும் குப்பை இரும்பு. ஆக, "என் புரதத்தில் இரும்பு இருக்கிறதா" என்று கேட்பதில் பொருள் இல்லை. எந்தக் கொத்தில், எத்தனை விழுக்காடு இருக்கிறது என்று கேட்க வேண்டும். கருவியை ஒப்பிடும்போது இந்த ஒரு கேள்வியை மட்டும் கையில் பிடித்துக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால் சாதாரண ஒளி உறிஞ்சல் கருவி. இதை அளக்காமல் வேறு எதற்கும் போகாதீர்கள். நாலிரும்புக் கொத்து இருந்தால் புரதம் பழுப்பாக இருக்கும், 400 நானோமீட்டர் அருகே அகலமான ஒரு மேடு தெரியும். ஈரிரும்புக் கொத்து என்றால் நிறம் சிவப்பு கலந்ததாகவும், 420, 460 பக்கம் தனித்தனி மேடுகளாகவும் இருக்கும். எலக்ட்ரானைக் கொடுத்துக் கொத்தைக் 'குறைக்கும்' டைத்தயோனைட் ஒரு துளி விட்டால் நிறம் மங்கும். புரதம் 20 மைக்ரோமோலார் செறிவில் இருந்தால் போதும், அதாவது ஒரு மில்லிலிட்டருக்கு ஒரு மில்லிகிராமுக்கும் குறைவு. காற்றுப் புகாத க்ளவ் பாக்ஸுக்குள் செய்தால் அதைத் திருப்பி எடுத்தும் கொள்ளலாம். கூடவே இரும்பும் சல்ஃபைடும் எவ்வளவு என்று வேதிமுறையில் அளந்துவிடுங்கள். ஒரு புரதத்துக்கு 3.6 இரும்பு, 3.5 சல்ஃபைடு என்று வந்தால் மனசு ஓரளவு நிம்மதியாகும். ஆனால் அந்த அகலமான மேட்டுக்கு அடியில் மூவிரும்புக் கொத்து பத்து விழுக்காடு ஒளிந்திருந்தால் இந்தக் கருவி அதைக் காட்டிக்கொடுக்காது.

சரி, இபிஆருக்கு வருவோம்.

எலக்ட்ரான் பாராகாந்த ஒத்திசைவு, சுருக்கமாக இபிஆர், என்பது இணை கிடைக்காத எலக்ட்ரானை மட்டுமே பார்க்கும் முறை. ரஷ்யாவின் கசானில் 1944இல் சவோய்ஸ்கி கண்டுபிடித்தது. இரும்பு-கந்தகக் கொத்துகளின் கதையே இங்கேதான் தொடங்கியது என்று சொல்லலாம். 1960இல் ஹெல்முட் பைனெர்ட்டும் ரிச்சர்ட் சாண்ட்ஸும் மைட்டோகாண்ட்ரியாவைக் குளிரவைத்துப் பார்த்தபோது ஜி மதிப்பு (நிறமாலையில் குறிகை நிற்கும் இடத்தைச் சொல்லும் எண்) 1.94இல் யாருக்கும் விளங்காத ஒரு குறிகை தெரிந்தது. இரும்பு அந்த இடத்தில் இப்படித் தெரியும் என்று அப்போது யாரும் எதிர்பார்க்கவில்லை. 1964இல் அசோடோபாக்டர் பாக்டீரியாவை இரும்பு-57 (இயற்கையில் அரிதான, சற்றுக் கனமான இரும்பு வகை) ஊட்டி வளர்த்து, அந்தக் குறிகை சற்று அகன்றுபோவதைக் காட்டி, அது இரும்பிலிருந்துதான் வருகிறது என்று உறுதிப்படுத்தினார்கள். இந்த இரும்பு-57ஐ நினைவில் வையுங்கள். நான் சொல்லப்போகும் முடிவு அதில்தான் இருக்கிறது.

இபிஆரின் பலம் அதன் கூர்மை. 100 மைக்ரோமோலார் புரதம் கால் மில்லிலிட்டர் இருந்தால் போதும், வைபெரின் கணக்கில் ஏறக்குறைய ஒரு மில்லிகிராம். ஒரு மாதிரிக்குச் சில நிமிடங்களில் நிறமாலை கையில் கிடைக்கும். குறைக்கப்பட்ட, அதாவது எலக்ட்ரான் ஏற்றப்பட்ட, நாலிரும்புக் கொத்தின் குறிகை 1.94ஐச் சுற்றி வரும். எஸ்-அடினோசில் மெத்தியோனினைச் சேர்த்ததும் அந்த வடிவம் மாறுவது கண்ணெதிரே தெரியும். நான்காவது இரும்பில் அது உண்மையிலேயே ஒட்டுகிறது என்பதற்கு இவ்வளவு எளிதாகக் கிடைக்கும் சான்று வேறு இல்லை. காற்றால் சிதைந்த மூவிரும்புக் கொத்து 2.01இல் கூராக நிற்கும். குப்பை இரும்பு 4.3இல் தனியாக நிற்கும். வெப்பநிலையும் ஒரு கருவி மாதிரியேதான். ஈரிரும்புக் கொத்தின் குறிகை திரவ நைட்ரஜன் குளிரிலேயே, 77 கெல்வினில், தெரியும். நாலிரும்புக் கொத்தின் குறிகை 30 கெல்வினுக்கு மேல் போனால் அகன்று கரைந்துவிடும். இதனால்தான் திரவ ஹீலியம் தேவைப்படுகிறது. சிங்கப்பூரில் ஒவ்வொரு துளி ஹீலியமும் கப்பலேறி வர வேண்டும். ஆகவே முன்பதிவு கிடைக்கும் நாளில் பத்து மாதிரிகளையும் உறைய வைத்துத் தயாராக வைத்திருப்பது நல்லது. ஹீலியம் ஊற்றத் தேவையில்லாத மூடிய சுழற்சிக் குளிர்விப்பான் உள்ள கருவி கிடைத்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று: இந்த ஊர் ஈரப்பதத்தில், உறைந்த குவார்ட்ஸ் குழாயை வெளியே எடுத்த மூன்றாவது நொடியே பனி படர்ந்துவிடும். துடைக்காமல் உள்ளே விட்டால் குழாய் சிக்கிக்கொள்ளும்.

இதன் பலவீனம் என்னவென்றால், இணை சேர்ந்துவிட்ட எலக்ட்ரான்கள் இதன் கண்ணுக்குத் தெரியவே தெரியாது. ஓய்வு நிலையில் இருக்கும் நாலிரும்புக் கொத்தும் ஈரிரும்புக் கொத்தும் முழு மௌனம். நான் முதன்முதலில் இந்தத் துறைக்கு வந்தபோது இதில்தான் தவறினேன். தூய்மைப்படுத்திய புரதத்தை அப்படியே உறைய வைத்துப் பார்த்தேன். 2.01இல் அழகான, கூர்மையான ஒரு குறிகை. மூவிரும்புக் கொத்து என்று அறிக்கையில் எழுதிவிட்டேன். எத்தனை எலக்ட்ரான் என்று முன்பே தெரிந்த செம்பு-இடிடிஏ தரக்கரைசலோடு ஒப்பிட்டு எத்தனை எலக்ட்ரான் என்று கணக்குப் போட்டது அதற்கு ஆறு வாரம் கழித்து. ஒரு புரதத்துக்கு 0.04 வந்தது. நூற்றில் நான்கு பேர் போட்ட சத்தத்தைக் கேட்டு, பேசாமல் உட்கார்ந்திருந்த தொண்ணூற்றாறு பேரை நான் மறந்துவிட்டிருந்தேன். அந்தத் தொண்ணூற்றாறும் முழு நாலிரும்புக் கொத்தா, சிதைந்த ஈரிரும்பா, வெறும் காலிப் புரதமா என்று அந்தக் கருவியால் எனக்குச் சொல்லவே முடியாது. அதனால் எவ்வளவு அழகான இபிஆர் வந்தாலும், எண்ணிக்கை போடாமல் யாரிடமும் காட்டாதீர்கள்.

குறைத்துவிட்டால் பேச வைக்கலாமே என்று கேட்பீர்கள். பேசும், ஆனால் பாதிதான் பேசும். எஸ்-அடினோசில் மெத்தியோனினைப் பயன்படுத்தும் இந்தக் குடும்பத்து நொதிகளின் கொத்து லேசில் எலக்ட்ரானை வாங்கிக்கொள்ளாது, டைத்தயோனைட் பல சமயம் முழுதாகக் குறைப்பதில்லை. எனவே 0.3 என்று வந்தால், 0.3 பங்குதான் கொத்து இருக்கிறதா, அல்லது முழுக்க இருந்தும் 0.3 பங்குதான் குறைந்ததா என்பது தெரியாது.

இந்த இடத்தில்தான் மாஸ்பவர் வேண்டும். ருடால்ஃப் மாஸ்பவர் 1958இல் கண்ட விளைவு, 1961இல் நோபல் பரிசு. கதிரியக்கக் கோபால்ட்-57 சிதையும்போது வரும் 14.4 கிலோ எலக்ட்ரான் வோல்ட் காமா கதிரை, மாதிரியில் இருக்கும் இரும்பு-57இன் அணுக்கருக்கள் உறிஞ்சுவதைப் பார்ப்பது. கதிர்மூலத்தை வினாடிக்குச் சில மில்லிமீட்டர் வேகத்தில், எறும்பு ஊர்வதுபோல, முன்னும் பின்னும் ஆட்டுவார்கள். எந்த வேகத்தில் உறிஞ்சல் நடக்கிறது என்பது அந்த இரும்பைச் சுற்றி எலக்ட்ரான்கள் எப்படி இருக்கின்றன என்பதைச் சொல்லிவிடும். இணை இருந்தாலும் இல்லாவிட்டாலும் மாதிரியில் உள்ள ஒவ்வொரு இரும்பு-57உம் கணக்கில் வரும். ஒளிந்துகொள்ள இடமே இல்லை.

நிறமாலையைப் படிப்பதும் பழகினால் கடினமில்லை. ஓய்வு நிலை நாலிரும்புக் கொத்து இரட்டைக் கோடாக வரும், அதன் நடுப்புள்ளி வினாடிக்கு 0.45 மில்லிமீட்டர் அருகே, இரு கோடுகளுக்கும் இடைவெளி 1.1 அளவில். ஈரிரும்புக் கொத்தின் நடுப்புள்ளி 0.27, இடைவெளி 0.6 அளவில். இடப்பக்கக் கோடுகள் இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து குழப்பும். ஆகவே கண்ணை வலப்பக்கம் வையுங்கள். 1.0இல் நிற்பது நாலிரும்பு, அதற்கு உள்ளே 0.6 பக்கம் தோள்போலப் புடைத்தால் ஈரிரும்பு. குப்பையாக ஒட்டிய இரண்டு-மின்னேற்ற இரும்பு இருந்தால் அதன் வலப்பக்கக் கோடு 2.8 அருகே தன்னந்தனியாகப் போய் நிற்கும். கொத்தைச் சோதனைக் குழாயில் வைத்துத் திரும்பக் கட்டுபவர்கள் அந்த 2.8ஐப் பார்க்கப் பயப்படுவார்கள். பயப்படத்தான் வேண்டும்.

இந்த முறை எதைச் சாதித்தது என்பதற்கு எனக்குப் பிடித்த உதாரணங்கள் இரண்டு. ஒன்று, சிட்ரேட்டை மாற்றும் அகோனிடேஸ் என்ற நொதி. அதன் மூவிரும்புக் கொத்தில் இரும்பு-57ஐச் சேர்த்து நான்காவது இடத்தை மட்டும் குறியிட்டுப் பார்த்து, சிட்ரேட் வந்து ஒட்டுவது அந்த ஒரே இரும்பில்தான் என்று மாஸ்பவரில் காட்டினார்கள். இரும்பு-கந்தகக் கொத்து எலக்ட்ரானை மட்டும்தான் கடத்தும் என்று இருந்த எண்ணம் அத்தோடு மாறியது. இன்னொன்று எஃப்என்ஆர். ஈ. கோலை பாக்டீரியா காற்று இருக்கிறதா இல்லையா என்று உணர்வது இந்தப் புரதத்தால். காற்றில்லாதபோது நாலிரும்பு, காற்று பட்டால் ஈரிரும்பு. இரண்டுமே இபிஆரில் மௌனம். இந்த மாற்றத்தை 1990களின் கடைசியில் மாஸ்பவர் காட்டியது, அதுவும் தூய்மைப்படுத்திய புரதத்தில் மட்டும் இல்லாமல் உடைக்காத முழுச் செல்களிலும்.

அப்படியானால் மாஸ்பவரே போதுமே என்றால், விலையைப் பாருங்கள். இயற்கை இரும்பில் இரும்பு-57 வெறும் 2.1 விழுக்காடு. செறிவூட்டாத புரதத்தை வைத்தால் ஏறக்குறைய 47 மடங்கு அதிகப் புரதம் வேண்டும். செறிவூட்டினாலும், அரை மில்லிமோலாரில் 0.4 மில்லிலிட்டர் என்றால் வைபெரினில் எட்டு மில்லிகிராமுக்கு மேல் ஒரே கிண்ணத்துக்குப் போய்விடும். ஒரு நிறமாலைக்கு ஒரு நாளும் ஆகலாம், ஒரு வாரமும் ஆகலாம். கோபால்ட்-57இன் அரை ஆயுள் 272 நாள். மூலம் பழசானால் அந்த ஒரு வாரம் இரண்டு வாரமாகும். இங்கே அப்படி ஒரு மூலத்தை வைத்திருக்க உரிமம் வேண்டும். கொசு இருக்கிறதா என்று வீடு வீடாக வந்து பார்க்கும் அதே தேசியச் சுற்றுப்புற வாரியம்தான் கதிரியக்க உரிமத்தையும் கவனிக்கிறது. இறுதியாண்டு மாணவர் ஒருவர் தன் திட்டத்துக்காக இதைப் புதிதாகத் தொடங்குவது நடக்கிற காரியம் இல்லை. ஏற்கெனவே கருவி ஓடிக்கொண்டிருக்கும் ஓர் ஆய்வகத்தோடு, வெளிநாடானாலும், சேர்ந்துகொள்வதுதான் வழி. திரவ நைட்ரஜனை உறிஞ்சி வைத்துக்கொள்ளும் பயணப் பெட்டியில் உறைந்த மாதிரி சாங்கி விமான நிலையத்திலிருந்து பத்திரமாகப் போய்ச் சேரும்.

ஒரு நல்ல செய்தியும் உண்டு. மௌனமான கொத்துகளை முதல் பார்வைக்கு 80 கெல்வினிலேயே பார்க்கலாம், ஹீலியம் வேண்டாம். ஆனால் அங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. அந்த வெப்பநிலையில் மூவிரும்புக் கொத்தும் ஈரிரும்புக் கொத்தும் மாஸ்பவரில் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இரட்டைக் கோடாகத் தெரியும். பிரித்துச் சொல்ல இபிஆர்தான் வர வேண்டும். மூவிரும்பு 2.01இல் கத்தும், ஈரிரும்பு வாயைத் திறக்காது. இவர் தடுமாறும் இடத்தில் அவர், அவர் தடுமாறும் இடத்தில் இவர். இந்த இரண்டையும் போட்டியாளர்களாக வைத்துக் கேட்ட கேள்வியிலேயே ஏதோ சரியில்லை என்று எனக்குத் தோன்றியது இதனால்தான்.

மற்ற இரண்டைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒத்திசைவு ராமன் முறை, நம் திருச்சிப் பக்கத்துக்காரர் 1928இல் கண்டதன் நேர் வாரிசு. 335 அலையெண் அருகே வலுவான கோடு தெரிந்தால் நாலிரும்பு. 2 மில்லிமோலாருக்குச் செறிவாக்கினால் பதினைந்து மைக்ரோலிட்டர் துளியே போதும். மௌனக் கொத்துகளையும் பார்க்கும், இரும்பு-57உம் வேண்டாம். அந்தச் செறிவில் வைபெரின் வீழ்படிவாகாமல் இருக்குமா என்பதுதான் கேள்வி. ஒளிர்வு கிளம்பினால் எல்லாம் மறைந்துபோகும். எத்தனை விழுக்காடு என்ற நம் கேள்விக்கும் இதனால் நேர்ப் பதில் தருவது கடினம். ஆனாலும் இரும்பு-57 கிடைக்கவே கிடைக்காத ஆய்வகத்தில் இருந்தால் இதைத்தான் இரண்டாவதாகத் தேர்ந்தெடுப்பேன்.

எக்ஸ்ரே உறிஞ்சல் பற்றிப் பலர் ஆசையாகக் கேட்கிறார்கள். கென்ட் ரிட்ஜில் 700 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட் ஒளிவளையம் (எலக்ட்ரான்களைச் சுழற்றி எக்ஸ்ரே எடுக்கும் சிங்க்ரோட்ரான்) இருப்பதும் ஒரு காரணம். இரும்பின் விளிம்பு, அதாவது அது எக்ஸ்ரேயைத் திடீரென அதிகமாக உறிஞ்சத் தொடங்கும் ஆற்றல், 7,112 எலக்ட்ரான் வோல்ட். வினையூக்கித் தூளுக்குச் சிறிய வளையம் போதும். நீர்த்த புரதத்துக்கோ மெல்போர்னிலோ ஜப்பானின் ஸ்பிரிங்-8இலோ உள்ள பெரிய வளையத்தில் நேரம் கேட்பதுதான் பொருத்தம். இரும்புக்கும் கந்தகத்துக்கும் இடையே 2.3 ஆங்ஸ்ட்ராம், இரும்புக்கும் இரும்புக்கும் 2.7 என்று துல்லியமாகச் சொல்லும். ஆனால் இந்தத் தூரங்கள் ஈரிரும்பிலும் நாலிரும்பிலும் ஏறக்குறைய ஒன்றேதான், பக்கத்து அணுக்களின் எண்ணிக்கைதான் வேறு, அந்த எண்ணிக்கையில் இருபது விழுக்காடு பிழை சாதாரணம். கலவையைப் பிரிக்க இது உதவாது. போதாக்குறைக்கு அந்தக் கதிரே கொத்தைக் குறைத்தும் விடும். கொத்து என்னவென்று உறுதியான பிறகு, தூரங்களை அளக்கப் போங்கள்.

இப்போது தங்கையின் 12 மில்லிகிராமுக்கு வருவோம். அது எல்பி என்ற சாதாரண ஊட்டக் கரைசலில் பாக்டீரியாவை வளர்த்து எடுத்த புரதம், உள்ளே இருப்பது இயற்கை இரும்பு. அதை மாஸ்பவருக்கு அனுப்பினால் ஒரு வாரம் கழித்து ஒரு நேர்கோடு வரும், அவ்வளவுதான். ஆகவே இந்தக் குழாயைப் பொறுத்தவரை கேள்விக்கே இடமில்லை. ஒளி உறிஞ்சலும் இரும்பு, சல்ஃபைடு அளவும், பிறகு இபிஆர். அப்படியே ஒரு மாதிரி, டைத்தயோனைட் சேர்த்து ஒன்று, அதோடு எஸ்-அடினோசில் மெத்தியோனினும் சேர்த்து ஒன்று, ஒவ்வொன்றும் இரண்டிரண்டு குழாய். ஆறு மில்லிகிராமில் முடியும். மீதியை நொதியின் செயல்பாட்டை அளக்க வைத்துக்கொள்ளலாம். ஏனென்றால் எவ்வளவு நல்ல நிறமாலை வந்தாலும், போலிக் கண்ணியை உருவாக்காத வைபெரினால் யாருக்கும் பயனில்லை.

அடுத்த வளர்ப்புக்குத்தான் உண்மையான முடிவு எடுக்க வேண்டியிருக்கிறது. பாக்டீரியாவை எந்த இரும்பில் வளர்ப்பது என்பது கருவி அறைக்குப் போகும் நாளில் அல்ல, அதற்கு மூன்று வாரம் முன்னாலேயே முடிவாகிவிடும். இரும்பை நாமே சேர்க்கும் எம்9 ஊடகத்தில் லிட்டருக்கு 75 மைக்ரோமோல் இரும்பு என்று வைத்தால், லிட்டருக்கு நான்கு மில்லிகிராமுக்குச் சற்று மேல் இரும்பு-57 வேண்டும். மூன்று லிட்டருக்கு 13 மில்லிகிராம். விலை அதிகம்தான். ஆனால் மூன்று மாத உழைப்பைத் திரும்பச் செய்வதோடு ஒப்பிட்டால் மலிவு. இரும்பு-57இல் வளர்த்த புரதம் இபிஆரில் சற்று அகன்ற கோடுகளோடு வழக்கம்போலவே தெரியும், எதுவும் கெட்டுப்போகாது. இயற்கை இரும்பில் வளர்த்ததோ ஒரு கதவை நிரந்தரமாகச் சாத்திவிடும். ஒரே தொகுப்பிலிருந்து, ஒரே க்ளவ் பாக்ஸில், ஒரே மணி நேரத்தில் மாஸ்பவர் கிண்ணத்தையும் இபிஆர் குழாயையும் நிரப்பி உறைய வைத்துவிட்டால், இபிஆரை இங்கேயே உடனே பார்த்துக்கொண்டு, கிண்ணத்தைத் திரவ நைட்ரஜனில் மாதக்கணக்கில் காக்க வைக்கலாம். கூட்டு ஆய்வகம் எப்போது அமைகிறதோ அப்போது அனுப்பினால் போதும்.

எல்பியை விட்டு எம்9ஐச் சொன்னதற்குக் காரணம், அதில் ஏற்கெனவே கலந்திருக்கும் சாதாரண இரும்பு நம் இரும்பு-57ஐ நீர்த்துவிடும். கண்ணாடிக் குடுவைகளை அமிலத்தில் ஊறவைத்துக் கழுவுவதும் இதற்காகத்தான். எம்9இல் செல்கள் மெதுவாக வளரும், விளைச்சல் குறையும். கொத்துகளைக் கட்டித்தரும் ஐஎஸ்சி மரபணுக்கள் உள்ள பிளாஸ்மிடை (பாக்டீரியாவுக்குள் செலுத்தும் சிறிய டிஎன்ஏ வளையம்) கூடச் சேர்த்தால் ஓரளவு ஈடுகட்டலாம், பிறகு சோதனைக் குழாயில் கொத்தைத் திரும்பக் கட்ட வேண்டிய தேவையும், அந்த 2.8 கோட்டின் பயமும் குறையும்.

இதையெல்லாம் போன வாரம் அவளிடம் சொன்னேன். மேற்பார்வையாளரிடம் பேசி, இரும்பு-57 தகடு வாங்க அனுமதி பெற்றுவிட்டாள். நேற்றிரவு ஒரு படம் அனுப்பினாள். சின்னக் கண்ணாடிக் குப்பியில், சூடான ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில், நகத்தளவு தகடு கரைந்துகொண்டிருக்கிறது. "இன்னும் முழுசா கரையல அக்கா, காலையில் ஊத்தறேன்" என்று கீழே எழுதியிருந்தாள்.